டர்பனில் ‘ஜஸ்ட் நவ்’ என்றால் எப்போது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஊரைப் பற்றிச் சொல்ல ஆள் பஞ்சமில்லை. எந்தத் தெருவில் இருட்டிய பிறகு நடக்கக் கூடாது, ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தரும் பன்னி சோ எந்தக் கடையில் நன்றாக இருக்கும், இங்கே கிடைக்கும் மிளகாய்த்தூளில் எதற்குக் காரம் அதிகம் என்று கேட்காமலேயே சொல்வார்கள். ஆனால் ‘நவ்’ என்ற சின்னஞ்சிறு ஆங்கிலச் சொல்லைப் பற்றி ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதில் சொல்வதற்கு ஒன்றும் இருப்பதாகத் தோன்றுவதே இல்லை. நம் ஊரிலிருந்து வருகிறவர்களோ, அது ஒன்றாம் வகுப்பிலேயே படித்துவிட்ட சொல்தானே என்ற தைரியத்தில் விமானத்தை விட்டு இறங்குகிறார்கள்.

எனக்குச் சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். இங்கே இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வொர்த் பகுதியில் விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் ஒருவரிடம் வேலை பார்க்கிறேன். கரண்டி பிடிப்பதில்லை, தொலைபேசி பிடிக்கிறேன். கல்யாணம், பதினாறாம் நாள் காரியம், ஆடி மாதத்துக் கூழ், புரட்டாசி விரதச் சாப்பாடு, தைப்பூசக் காவடி என்று ஆண்டு முழுவதும் ஆர்டர் வந்துகொண்டே இருக்கும். காய்கறி எப்போது வரும், எரிவாயு எப்போது வரும், வேன் எப்போது கிளம்பும், பந்தி எப்போது போடுவார்கள் என்பவைதான் நான் நாள் முழுவதும் கேட்கும் கேள்விகள். எல்லாவற்றுக்கும் பதில் ஒன்றே. ஏதோ ஒரு ‘நவ்’.

இங்கே அது மூன்று வகையாகப் புழங்குகிறது: ‘நவ்’, ‘நவ் நவ்’, ‘ஜஸ்ட் நவ்’. பள்ளிக்கூட ஆங்கிலத்தை நம்பி வருகிறவர் என்ன நினைப்பார்? ‘நவ்’ என்றால் இப்போது. இரண்டு முறை சொன்னால் இன்னும் அவசரம். ‘ஜஸ்ட் நவ்’ என்றால் இதோ, இந்தக் கணமே. அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போட்டால் டர்பன் வந்துவிடும். இருப்பவற்றில் மிகத் தொலைவானது ‘ஜஸ்ட் நவ்’தான். அது அரை மணியாக இருக்கலாம், சாயங்காலமாக இருக்கலாம், நடக்காமலே போகவும் செய்யலாம். ‘நவ் நவ்’ கொஞ்சம் கிட்டத்தில் இருக்கிறது. கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டு அடுத்தது உன்னுடையதுதான் என்று பொருள். வெறும் ‘நவ்’ என்பதையும் முழுதாக நம்ப முடியாது. உண்மையிலேயே இந்த நிமிடம் என்று சொல்ல வேண்டுமானால் ‘ரைட் நவ்’ என்பார்கள். இந்த வரிசையில் வீட்டுக்கு வீடு சிறு வேறுபாடு உண்டு. ஆனால் ‘ஜஸ்ட் நவ்’ என்பதை இதோ என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்ததைச் சொன்னால் இது எவ்வளவு செலவு வைக்கும் என்பது புரியும்.

மதுரையிலிருந்து புதிதாக வந்த சமையல்காரர் ஒருவர் அன்று பிரியாணிக்குப் பொறுப்பு. டர்பன் பிரியாணி நம் ஊரைப் போன்றதன்று. மைசூர்ப் பருப்பை அதன் தோலோடு வேகவைத்து அரிசியோடு சேர்ப்பார்கள், உருளைக்கிழங்கு கட்டாயம் இருக்கும். அண்டாவின் வாயைக் கோதுமை மாவால் அடைத்துத் தம் போட்டிருந்தார். மாவு காய்ந்து சட்டியோடு ஒட்டியிருக்கும் வரை உள்ளே இருக்கும் சூடு வெளியே போகாது. உடைத்த கணத்திலிருந்து நேரம் ஓட ஆரம்பித்துவிடும். பெண்ணின் மாமா சமையற்கட்டு வாசலில் தலையை நீட்டி, “வீ வில் சர்வ் ஜஸ்ட் நவ், அண்ணா” என்று சொல்லிவிட்டுப் போனார். நம்மவர் கரண்டிக் காம்பால் மாவை ஒரு தட்டு தட்டினார். அது சில்லுச் சில்லாக உடைந்து விழுந்தது. மூடியைத் திறந்து, ஓரத்திலிருந்து பக்குவமாகக் கிளறி, தட்டங்களில் மேடு கட்டத் தொடங்கிவிட்டார். உள்ளே மண்டபத்தில் அப்போதுதான் பெண்ணை அழைத்து வருகிறார்கள். தாலி கட்ட வேண்டும், அட்சதை போட வேண்டும், அதன் பிறகு ஒலிபெருக்கியைப் பிடித்து இரண்டு வீட்டார் சார்பிலும் பேசுகிறவர்கள் பேச வேண்டும், படம் எடுக்க வேண்டும். டர்பன் கல்யாணங்களில் பேச்சுகள் சுருக்கமாக முடிந்து நான் பார்த்ததில்லை.

பந்தி போட்டபோது மேலே இருந்த சோறு வறண்டு, பருப்பு விறைத்து, அடியில் ஈரம் கோத்துக்கொண்டிருந்தது. மாமா ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, சமையல்காரரின் தோளைத் தொட்டு, “ஷேம்” என்றார்.

மதுரைக்காரர் முகம் செத்துவிட்டது. வெட்கமாக இல்லையா என்று பலர் முன்னிலையில் கேட்டுவிட்டாரே என்று அன்று முழுக்க அவர் யாரோடும் பேசவில்லை. உண்மையில் அந்த மனிதர் சொன்னது “ஐயோ பாவம்” என்பதைத்தான். தென்னாப்பிரிக்காவில் கால் தடுக்கி விழுந்தவருக்கும் ‘ஷேம்’, காய்ச்சலில் படுத்தவருக்கும் ‘ஷேம்’, தொட்டிலில் கிடக்கும் குழந்தை அழகாகச் சிரித்தால் அதற்கும் ‘ஷேம்’. அந்தச் சொல்லைப் பற்றி எழுத வேறொரு நாள் வேண்டும்.

சரி, இந்தத் தலைகீழ் எங்கிருந்து வந்தது? டச்சு மொழியிலிருந்து கிளைத்து இந்த நாட்டில் வளர்ந்த ஆப்பிரிகான்ஸ் மொழியிலிருந்து. அதில் ‘நெட்நௌ’ என்று ஒரு சொல் இருக்கிறது. ‘நெட்’ என்றால் ஆங்கிலத்து ‘ஜஸ்ட்’, ‘நௌ’ என்றால் ‘நவ்’. ‘நெட்நௌ’ சற்று முன்பு நடந்ததையும் குறிக்கும், சற்றுப் பிறகு நடக்கப் போவதையும் குறிக்கும். ‘நௌ நௌ’ என்பதும் அங்கே உண்டு. அதுதான் ‘நவ் நவ்’ ஆயிற்று. பழைய கிரஹாம்ஸ்டவுனில் உள்ள ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் உழைத்துத் தொகுத்து 1996-ல் வெளியிட்ட தென்னாப்பிரிக்க ஆங்கில வரலாற்று அகராதியில் இந்தச் சொற்களுக்கெல்லாம் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே இதைத் தப்பான ஆங்கிலம் என்று சொல்லி மூக்கைச் சுளிக்கிறவர்கள், நம் ஊரிலிருந்து வந்தவர்களிலும் அப்படிச் சிலர் உண்டு, அந்த மூக்கைக் கொஞ்சம் இறக்கிக்கொள்வது நல்லது. இங்கே அது முறையான வழக்கு.

முன்பு, பின்பு என்ற இரண்டையும் ஒரே சொல் சுமப்பதால் காது கொடுக்க வேண்டியது வினைச்சொல்லுக்குத்தான். “ஐ சா ஹிம் ஜஸ்ட் நவ்” என்றால் இப்போதுதான் பார்த்தேன். அதில் நம் ஊருக்கும் இந்த ஊருக்கும் சண்டையில்லை. “ஐ வில் சீ ஹிம் ஜஸ்ட் நவ்” என்றால் பிறகு பார்க்கிறேன். கடந்த காலமா, எதிர்காலமா என்று மட்டும் கவனித்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நம்மவர்கள் வழுக்கி விழுவது எதிர்காலத்தில்தான். நாம் படித்த ஆங்கிலத்தில் ‘ஜஸ்ட் நவ்’ பெரும்பாலும் பின்னால் பார்க்கும். ‘இப்போதுதான்’ என்று தமிழில் சொல்லிப் பழகிய மனம் அதை முன்னால் திருப்ப மறுக்கிறது.

மூன்றாவதாக ஒரு பொருளும் இருக்கிறது. வாடிக்கையாளர்களின் பிள்ளைகள் சமையற்கூடத்துக்குள் ஓடி விளையாடும்போது எங்கள் முதலாளியின் அம்மா அதட்டுவார்: “டோன்ட் ரன், ஜஸ்ட் நவ் யூ ஃபால்!” இங்கே நேரத்துக்கு வேலையே இல்லை. ஓடாதே, விழுந்து வைக்கப் போகிறாய் என்பதுதான் அது. “ஜஸ்ட் நவ் ஹி கெட்ஸ் ஆங்ரி” என்றால் அவர் கோபித்துக்கொண்டால் என்ன செய்வாய் என்று அர்த்தம். இதுவும் ஆப்பிரிகான்ஸ் ‘நெட்நௌ’வின் வேலைதான். ‘வைக்கப் போகிறாய்’ என்ற நம் எச்சரிக்கைக்கு இவ்வளவு பொருத்தமான ஆங்கிலத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

அந்த அம்மாவை எல்லோரும் ஆயா என்றுதான் அழைப்போம். 1860-ல் மதராஸிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் வந்து சேர்ந்ததிலிருந்து 1911 வரை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழி வந்தவர். தமிழில் சாமி கும்பிடுவார், பதிகம் படிப்பார், மற்றபடி பேச்செல்லாம் ஆங்கிலம். ஆனால் முதலாளி எங்கே என்று கேட்டால், “நவ் ஒன்லி ஹி வென்ட்” என்பார். இப்போதுதான் போனான் என்பதில் வரும் ‘தான்’ அங்கே ‘ஒன்லி’ என்று வேஷம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இப்படிச் சொல்வதால் ஒரு வசதி: ‘ஜஸ்ட் நவ்’ எதிர்காலத்துக்குப் போய்விட்ட வீட்டில், நடந்து முடிந்ததற்கு ‘நவ் ஒன்லி’ குழப்பமில்லாமல் நிற்கிறது. ஆயாவிடம் பேசும்போது மட்டும் எனக்கு நேரம் சரியாகத் தெரிகிறது.

இதற்கிடையில், உலகம் முழுவதும் புழங்கும் பொது ஆங்கிலத்திலும் ‘நவ்’ ஒழுங்காக ஓரிடத்தில் இருப்பதில்லை. பள்ளியில் அதற்கு ‘இப்போது’ என்று ஒரே பொருளைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பிறகு நாம்தான் தட்டுத் தடுமாறிக் கற்க வேண்டியிருக்கிறது. “ஹி ஷுட் பி தேர் பை நவ்” என்பதில் வருவது ‘இந்நேரம்’: இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பான். ‘ஃபார் நவ்’ என்றால் இப்போதைக்கு. ‘எவ்ரி நவ் அண்ட் தென்’ என்றால் அவ்வப்போது. ‘ஃப்ரம் நவ் ஆன்’ என்றால் இனிமேல். “நவ் தட் யூ ஆர் ஹியர்” என்றால் நீதான் வந்துவிட்டாயே. “நவ் ஹி டெல்ஸ் மீ!” என்று ஒருவர் கையை விரித்தால், இதை இப்போது வந்து சொல்லி என்ன பயன் என்று நொந்துகொள்கிறார். “நவ் யூ ஆர் டாக்கிங்” என்றால் இப்போது சொன்னாயே, அது பேச்சு. “வாட் நவ்?” என்பதை எரிச்சலோடு கேட்டால், இன்னும் என்ன வந்து தொலைந்தது; கவலையோடு கேட்டால், இனி என்ன செய்வது. ஒரே எழுத்து, குரல்தான் பிரித்துக் காட்டும்.

தொலைபேசியில் எனக்கு அதிகம் பயன்படுவது வாக்கியத்தின் தலையில் வந்து நிற்கும் ‘நவ்’. வாடிக்கையாளர் வானிலை பேசி, பிள்ளைகள் படிப்பு பேசி, பிறகு சற்று நிறுத்தி “நவ்…” என்று இழுத்தால் அதற்குக் காலத்தோடு எந்தத் தொடர்பும் கிடையாது. சரி, விஷயத்துக்கு வருகிறேன் என்கிறார். அடுத்து வருவது பெரும்பாலும் விலையைக் குறைக்கச் சொல்வதாக இருக்கும்; அந்த ஒரு சொல்லிலேயே நான் தயாராகிவிடுகிறேன். நாமும் அதைப் பயன்படுத்தலாம். பேச்சு எங்கெங்கோ போகும்போது, “நவ், அபௌட் த டெபாசிட்” என்றால் முகத்தில் அடித்தது போல இல்லாமல் பேச்சைத் திருப்பிவிடலாம்.

இன்னொன்றில் கவனம் தேவை. இங்கிலாந்து வழக்கில் ‘நவ், நவ்’ என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னால் அழும் குழந்தையைத் தேற்றுவது, அல்லது சண்டை போடுகிறவர்களை ‘சரி, சரி’ என்று அடக்குவது. இங்கே நிறுத்தாமல் ஒரே மூச்சில் வரும் ‘நவ்நவ்’ வேறு. நாடகத்தில் பார்த்ததை வைத்து டர்பன் ஓட்டுநரைப் புரிந்துகொள்ள முயலக் கூடாது.

ஊரை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது. தமிழ்நாட்டில் வீட்டில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கும் ஒருவர், எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் “இதோ வந்துவிட்டேன்” என்கிறார். இன்னும் வாசற்படி தாண்டவில்லை, வினை மட்டும் முடிந்துபோயிற்று. டர்பன்காரர் வராததை எதிர்காலத்திலாவது வைத்துப் பொய்க்கிறார். நாமோ கடந்த காலத்திலேயே வைத்துவிடுகிறோம். மதுரைச் சமையல்காரர் இதையே ஆங்கிலத்தில், “ஐ ஹேவ் கம்” என்று ஒரு முறை மண்டபக்காரரிடம் தொலைபேசியில் சொல்ல, அந்த மனிதர் வாசலில் போய் நின்று பார்த்துவிட்டு வந்தாராம்.

ஆகக்கூடி, இந்தச் சொல் எதைச் சொல்கிறது என்று நான் புரிந்துகொண்டது இதுதான்: கடிகாரத்தை அது தொடுவதேயில்லை. பேசுகிறவரின் கையில் இருக்கும் வேலைகளின் வரிசையில் உன் வேலை எங்கே நிற்கிறது என்பதைத்தான் சொல்கிறது. ‘ஜஸ்ட் நவ்’ என்றால் வரிசையில் சேர்த்துவிட்டேன், மறுக்கவில்லை. ‘நவ் நவ்’ என்றால் முன்னால் ஒருவர்தான் இருக்கிறார். அப்படி இருக்க, “எத்தனை மணிக்கு?” என்று கேட்பது வீண். அவரிடம் மணி இல்லை. மணியைக் கேட்டு வற்புறுத்தினால் உங்களைச் சமாதானப்படுத்த ஏதோ ஒரு மணியைச் சொல்வார்; அது இன்னும் மோசம்.

வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். எரிவாயு வண்டி ஓட்டுநரிடம் நான் “எப்போது வருவீர்கள்?” என்று கேட்பதை விட்டுவிட்டேன். “வண்டியில் ஏற்றியாயிற்றா?” என்று கேட்கிறேன். ஏற்றியாயிற்று என்றால், “எந்த ரோபோவில் நிற்கிறீர்கள்?” என்று அடுத்த கேள்வி. போக்குவரத்து விளக்குக்கு இந்த நாட்டில் ரோபோ என்று பெயர். ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில் இருக்கிறேன் என்று பதில் வந்தால் அடுப்பைத் துடைக்கச் சொல்லலாம். “ஐ ஆம் கமிங் நவ் நவ்” என்று மட்டும் வந்தால் இன்னும் கிடங்கில்தான் இருக்கிறார். விறகு அடுப்பில் பருப்பை ஏற்றிவிடுவேன். கிளேர்வுட் மொத்தச் சந்தையிலிருந்து காய்கறி வருவதற்கும் இதே வழிதான். கத்தரிக்காய் வாங்கியாயிற்றா, அல்லது இன்னும் விலை பேசுகிறீர்களா என்பது மணியைவிடத் தெளிவான பதிலைக் கொண்டு வரும்.

அவர்களே தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் ஒரு கேள்வியும் கைவசம் இருக்கட்டும்: “நவ், ஆர் ஜஸ்ட் நவ்?” யாரும் கோபித்துக்கொள்வதில்லை, சிரித்துவிட்டு உண்மையைச் சொல்வார்கள். அதற்குமேல் ஒரு எல்லையைக் கட்டிவிடலாம். மணியால் கட்டாமல் நிகழ்ச்சியால் கட்ட வேண்டும்: மதியச் சாப்பாட்டுக்கு முன்பா, கடை சாத்துவதற்கு முன்பா, கோயிலில் தீபாராதனைக்கு முன்பா என்று. மண்டபக்காரர்களிடம் நாங்கள் இப்போது கேட்பது ஒன்றே ஒன்று: யார் பேசி முடித்த பிறகு பந்தி? மதுரைக்காரர் பெண் வீட்டாரின் நன்றியுரை காதில் விழுந்த பிறகுதான் மாவை உடைக்கிறார்.

ஓட்டுநர்களில் பெரும்பாலோர் சூலு மொழி பேசுகிறவர்கள். அழைத்தவுடன் “எங்கே இருக்கிறீர்கள்?” என்று பாய்வது இங்கே பெரிய மரியாதைக் குறைவு. முதலில் “சாவுபோனா” என்று வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து, பிறகே வேலை. அவர்களிடம் ‘இப்போது’ என்பதற்கு ‘மாஞ்ஜே’, ‘இந்தக் கணமே’ என்பதற்கு ‘கோனா மாஞ்ஜே’. ஆங்கிலத்தில் கெஞ்சிப் பலிக்காத அவசரம் இந்த இரண்டு சொல்லில் சில நேரம் பலித்துவிடுகிறது. அதைத் தினமும் செலவழிக்காமல், உண்மையில் அடுப்பு அணையும் நிலையில் மட்டும் எடுப்பது என் வழக்கம்.

நீங்கள் வாக்குக் கொடுக்கும் இடத்திலும் பார்த்துப் பேச வேண்டும். உங்கள் மேலாளரிடம் “ஐ வில் டூ இட் ஜஸ்ட் நவ்” என்று பணிவாகச் சொல்லிவிட்டு உடனே எழுந்து ஓடினால் அவர் விழிப்பார். பிறகு பார்க்கிறேன் என்று அலட்சியமாகச் சொன்னதாகத்தான் அவர் காதில் விழுந்திருக்கும். ‘ரைட் அவே’ என்று சொல்லுங்கள், இரண்டு ஊருக்கும் பொது. அதேபோல விருந்தினர் ஒருவர் “வி வில் விசிட் யூ ஜஸ்ட் நவ்” என்றால் காப்பிக்குப் பாலை அடுப்பில் வைக்க வேண்டாம்.

எல்லாவற்றிலும் கடினமான இடம் பணம். “ஐ வில் பே யூ ஜஸ்ட் நவ்” என்பதற்கு எந்தக் கேள்வியும் பலிக்காது. வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கலாம். சட்டைப்பை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்க முடியுமா? அதற்கு எங்கள் முதலாளி சொல்லில் எதையும் விடவில்லை. பாதித் தொகை வங்கியில் விழுந்த செய்தி என் தொலைபேசிக்கு வந்த பிறகுதான் இறைச்சிக்குச் சொல்லி அனுப்புவோம், மீதி வந்த பிறகுதான் வேன் கதவு திறக்கும். அவரே வாடிக்கையாளர்களிடம் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். “எப்போது சமைக்க ஆரம்பிப்பீர்கள்?” என்று அவர்கள் கேட்டால், “ஜஸ்ட் நவ்” என்பார்.